கேட்காத கேள்விக்கு எழுதிய பதில்

இதயப் பிரிவு இருந்த இரண்டாவது மாடியில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. வாசல் காவலரிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் லிஸ்ட் அக்கா. காலை எட்டு மணிக்குக் கையில் ஓர் அட்டையும் அதில் செருகிய தாளுமாக வராந்தாவுக்கு வந்துவிடுவாள். பெஞ்சு பெஞ்சாக நடந்து, அன்றைக்கு வந்திருக்கும் நோயாளிகளின் பெயர்களைச் சரிபார்ப்பாள். வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருடம் வார்டில் நர்ஸாக ஓடி ஓடிக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலையாக இருக்கட்டும் என்று இதைக் கொடுத்திருந்தார்கள்.

இதயம் தளர்ந்து, காலிலும் நுரையீரலிலும் நீர் கோத்துக்கொள்ளும் நோய்க்கு ஒரு புது மாத்திரை வந்திருந்தது. அது நிஜமாகவே பலன் தருகிறதா, யாருக்கு என்ன தொந்தரவு கொடுக்கிறது என்று பல மருத்துவமனைகளில் ஆட்களைச் சேர்த்துச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஆட்களைச் சேர்ப்பது லிஸ்ட் அக்காவின் பொறுப்பு. நோயாளியை அறைக்குள் கூட்டிவந்து உட்காரவைத்து, பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு இப்போது கொடுப்பதே, யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது என்று புரியும்படி சொல்லி, சம்மதமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். சேராதவர்களுக்கும் ஒரு தாள் உண்டு. ஏன் சேரவில்லை என்பதற்கு அதில் ஐந்து கட்டங்கள் இருந்தன. சிறுநீரகம் சரியில்லை, வேறு மருந்து இடிக்கிறது என்பவை போன்ற முதல் நான்குக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டோ மருந்துச் சீட்டோ இணைக்க வேண்டும். ஐந்தாவது கட்டம் ‘விருப்பமில்லை’. அதற்கு எதுவும் இணைக்க வேண்டாம். ஒரு டிக் போட்டால் முடிந்தது.

ஆய்வில் வயதுக்கு மேல்வரம்பு எதுவும் கிடையாது. தொண்ணூறு வயதுக்காரர்கூட வரலாம் என்று எழுத்திலேயே இருந்தது. அந்த நோயோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் எழுபது தாண்டியவர்கள்தான்.

முதல் மாதம் அவள் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். எழுபத்தொன்பது வயது அம்மா ஒருவரைச் சேர்த்தாள். காது மந்தம், ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பை நிறையக் கொண்டுவந்திருந்த பதினொரு வகை மாத்திரைகளையும் எழுதி முடிக்கவே ஒரு மணி நேரம் போனது. மறுநாள் அந்த அம்மாவின் மகன் வந்து, எங்க அம்மா என்ன உங்களுக்கு எலியா என்று வராந்தா அதிரச் சத்தம் போட்டுவிட்டுப் போனான். மூன்றாவது வாரம் அந்த அம்மா வருவதே நின்றுபோனது. அந்த மாதக் கடைசியில் மருந்து நிறுவனத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, பாதியில் நின்றவர்கள் இங்கேதான் அதிகம் என்று சிரித்தபடியே சொன்னார். சிரித்தபடி சொன்னதுதான் லிஸ்ட் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

அதற்குப் பிறகு அவள் கண் பெஞ்சில் நரைக்காத தலைகளைத் தேட ஆரம்பித்தது. ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுக்காரர்களிடம் சொன்னால் டக்கென்று புரியும். இருபது நிமிடத்தில் கையெழுத்து. வயதானவர்களை அவள் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். பாவம், இந்த வயதில் இவர்களை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவர்களுக்கும் தாள் நிரப்பியாக வேண்டுமே. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரிசையாகத் தாள்களை அடுக்கிவைத்துக்கொண்டு ஐந்தாவது கட்டத்தில் டிக் டிக்கென்று போட்டுவிடுவாள். வாசலில் நின்று கேட்டால் கடிகாரம் ஓடுகிற மாதிரி இருக்கும். தாளின் நகல் ஒன்று நோயாளியின் ஃபைலுக்குப் போய்விடும். வருடக் கடைசியில் பிரிவுக் கூட்டத்தில் பெரிய டாக்டர் அவளை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். அவளும் எழுந்து நின்றாள்.

கமா சார் அந்தத் தாள்களில் ஒருவர். நாற்பது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிப் பாடப்புத்தகம் ஒன்றில் ஒரே ஒரு கமாவுக்காக ஆசிரியர் குழுவோடு அரை நாள் மல்லுக்கு நின்றதில் அச்சகத்தில் வைத்த பெயர் அது. மருத்துவமனையில் மருந்துச் சீட்டின் எழுத்துப் பிழையைக்கூட அவர் சுட்டிக்காட்டுவதால் இங்கேயும் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. வயது எழுபத்தாறு. மனைவி போய் மூன்று வருடம். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மகளோடு இருந்தார்.

அவருடைய தாளில் டிக் விழுந்து பத்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் லிஸ்ட் அக்காவின் அறை வாசலில் வந்து நின்றார். பழைய துணிக் கிடங்கை வெள்ளையடித்து ஆய்வுக்குக் கொடுத்திருந்த அறை அது. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மாத்திரை வைக்க ஒரு சின்னக் குளிர்பெட்டி. உள்ளே வரலாமா என்று கேட்டு, வரச்சொன்ன பிறகுதான் வந்தார். உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று.

போன மாதம் நுரையீரலில் நீர் கோத்து ஒரு வாரம் படுக்கையில் இருந்ததாகச் சொன்னார். வேறொரு டாக்டரிடமும் காட்டலாம் என்று மகள் ஃபைலை வாங்கிப் புரட்டியபோது அந்தத் தாள் கண்ணில் பட்டிருக்கிறது. புது மருந்து தருகிறோம் என்று கூப்பிட்டார்களாம், அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அம்மா போன பிறகு, போதும், இருந்தது போதும் என்று அவர் ஒன்றிரண்டு தடவை சொன்னது உண்டு. மகள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்று அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. என்னை விட்டுட்டுப் போறதுக்கு அவ்வளவு அவசரமா என்று கேட்டவள், அதற்குப் பிறகு அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இவ்வளவையும் யார்மேலும் குற்றம் சொல்லாமல், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டார்.

“சிஸ்டர், நான் சண்டை போட வரல. நீங்க எங்கிட்ட கேட்டப்போ நான் என்ன சொன்னேன்னு தெரிஞ்சுக்கணும். எவ்வளவு யோசிச்சும் எனக்கு ஞாபகமே வரல. என்ன வார்த்தை சொல்லி வேண்டாம்னேன்?”

லிஸ்ட் அக்கா அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கேட்கவே இல்லை சார் என்று மூன்றே வார்த்தை. வாயைத் திறந்தவளுக்கு வேறொன்று வந்தது.

“நீங்க ஒண்ணும் சொல்லல சார். வேண்டாம்னு தலைய மட்டும் ஆட்டினீங்க.”

“தலைய ஆட்டினேனா?”

“ஆமா சார்.”

அவர் அவளையே பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல, வழி கேட்டவர் சொன்ன வழியை மனதில் பதித்துக்கொள்வது போல. அப்புறம் துண்டுத்தாளில் ஏதோ எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி போனார். அன்றைக்கு முழுக்க அவளுக்கு வாய் கசந்தது. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்து மூடிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, ரத்தக் குழாய்களைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுக்கத் தரைத்தளத்துக்குப் போனபோது அவரை மறுபடி பார்த்தாள். ஞாபக மறதிப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாற்காலி தள்ளி மகள், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி. கமா சாரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. உள்ளங்கையில் விரலால் எதையோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். கிட்டே போனபோதுதான் புரிந்தது. தேதி, மாதம், வருடம். பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்.

அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“சிஸ்டர், இன்னிக்கு வியாழன்தானே?”

“வியாழன்தான் சார்.”

“அப்பாடா,” என்று சொல்லி மகள் பக்கம் திரும்பினார். மகள் திரும்பவில்லை.

லிஸ்ட் அக்கா படியேறினாள். முதல் திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இந்த மனுஷனுக்கு ஒரு மறதியும் இல்லை. எழுத்துப் பிழைக்கு நாள் முழுக்கச் சண்டை போடுகிற புத்தி அவருடையது. அவள் சொன்ன ஒரு பொய்யால், தன் தலைக்குள்ளேயே என்னவோ கழன்றுவிட்டது என்று நம்பி அங்கே உட்கார்ந்திருக்கிறார். கீழே இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு கால் எடுத்துவைத்தாள். ஆனால் மேலே தன் அறைக்கே போனாள். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

பரிசோதனை முடிவை அந்தப் பிரிவு நர்ஸிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். முப்பதுக்கு இருபத்தொன்பது. கேட்டவர்கள்தான் ஒரு கேள்வியைத் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று அவர் திருத்தினாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், மகளைத் தவிர. ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது என்றால், வேண்டாம் என்று சொன்னது இவருக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தேதான் இல்லை என்கிறார் என்று மகள் முடிவு கட்டிவிட்டாள். வெளியே வந்ததும் அதைச் சொல்லியும் விட்டாளாம்.

மறுநாள் காலை இட்லித் தட்டின் முன்னால் லிஸ்ட் அக்கா கணவனிடம் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றிப் பார்த்துப் பேசுகிற ஆள். முதலில், ஒரு டிக் போட்டதுக்கா இப்படி முகத்த வெச்சிருக்க என்று சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

“நீ அவர்ட்ட கேக்கவே இல்லையா?”

“இல்ல.”

“அவரே வந்து கேட்டப்போ, கேட்டேன்னு சொல்லிட்ட.”

“ம்.”

அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலில் செருப்பை மாட்டியபடி, எங்கள் வேலையில் பார்க்காத கம்பியைப் பார்த்தேன் என்று எழுதினால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டுப் போனவன் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து, கூட வரவா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

அன்றைக்கு முதல் வேலையாகத் தாள்களை எல்லாம் எடுத்து எண்ணினாள். கேட்காமலே டிக் போட்டவை அறுபத்தொன்று. எல்லோருமே அறுபத்தெட்டு வயதுக்கு மேல். அந்தக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், தலையாட்டிய பொய் உட்பட.

பெரிய டாக்டர் அறுபதை நெருங்கும் பெண்மணி. அதட்டலுக்குப் பெயர்போனவர். அன்றைக்கு அதட்டவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மாதா மாதம் வரும் அறிக்கையில், சேர்ந்தவர்களின் சராசரி வயது ஐம்பத்தாறு என்று இருப்பதைத் தானும் பார்த்துக்கொண்டேதான் இருந்ததாகக் கடைசியில் சொன்னார்.

“வெளிய பெஞ்சுல யார் உக்காந்திருக்காங்கன்னும் எனக்குத் தெரியும். எப்படி ஐம்பத்தாறு வருதுன்னு நான் உன்ன ஒரு நாள் கேட்டிருக்கணும். கேக்கல. கணக்கு நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்.”

அதைக் கேட்டும் லிஸ்ட் அக்காவுக்குப் பாரம் குறையவில்லை. இன்னொருவரையும் உள்ளே இழுத்துவிட்டோமே என்றுதான் இருந்தது. அன்று சாயந்திரத்துக்குள் அவளை ஆய்விலிருந்து விலக்கினார்கள். விஷயம் நெறிமுறைக் குழுவுக்கும் மருந்து நிறுவனத்துக்கும் எழுத்தில் போயிற்று. கமா சாரிடம் நானே சொல்கிறேன் என்று அவள் கேட்டுக்கொண்டாள். போனில் கூப்பிட்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மகளும் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை பெரிய டாக்டரின் அறையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று லிஸ்ட் அக்கா முன்கூட்டியே மனதுக்குள் கோத்து வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கோத்ததெல்லாம் அறுந்துபோயிற்று.

“சார், நான் உங்கள்ட்ட கேக்கவே இல்ல. அந்த மருந்தப் பத்தி உங்கள்ட்ட யாருமே பேசல. விருப்பமில்லன்னு நானா போட்டேன். வயசானவங்கள்ட்ட சொல்லிப் புரியவைக்க நேரமாகும்னு போட்டேன். தலைய ஆட்டினீங்கன்னு சொன்னதும் பொய்.”

கமா சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

“எழுதினதக்கூட விட்டுடலாம் சிஸ்டர். அவசரத்துல எழுதறவங்கள நாப்பது வருஷம் பாத்திருக்கேன். நான் நேர்ல வந்து கேட்டேனே. தலைய ஆட்டினேன்னு சொன்னீங்க. அத நான் நம்பினேன். ராத்திரி படுத்துக்கிட்டு, எந்தப் பக்கம் ஆட்டினேன்னு யோசிச்சிருக்கேன்.”

அவளால் தலைநிமிர முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதைக் கேட்பதற்குக்கூடத் தனக்கு முகமில்லை என்று தோன்றியதால் மென்று விழுங்கினாள்.

மகள் அவளைப் பார்த்துக் கத்துவாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் லிஸ்ட் அக்காவின் பக்கமே திரும்பவில்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடி அப்பாவிடம்தான் பேசினாள்.

“மூணு தடவ சொன்னீங்கப்பா, யாரும் கேக்கலன்னு. நான் தாள நம்பினேன்.”

“தாள்ல இருந்தா நம்பத்தான் செய்வாங்க,” என்றார் அவர். “எனக்கே என்மேல நம்பிக்கை போயிடுச்சு. உன்னச் சொல்லி என்ன?”

மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு குலுங்குவது தெரிந்தது. கமா சார் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே, சரி, இப்போதாவது கேளுங்கள், இப்போது சேரலாமா என்றார். பெரிய டாக்டர் கடைசி ரத்தப் பரிசோதனையை எடுத்துப் பார்த்தார். இந்தப் பத்து மாதத்தில் சிறுநீரகம் இறங்கியிருந்தது. ஆய்வின் எல்லைக்குக் கொஞ்சம்தான் கீழே. ஆனாலும் கீழே. முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. போன வருடம் இருந்த அளவுக்கு முடிந்திருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. சேர்ந்திருந்தாலும் எந்த மாத்திரை கிடைத்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். கமா சார் ஓஹோ என்றார். அந்த ஓஹோவை லிஸ்ட் அக்கா வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனாள்.

மீதி அறுபது பேரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, புதிதாகக் கேட்க வேண்டும் என்று நெறிமுறைக் குழு சொன்னது. சேர்ப்பதைப் புதிதாக வந்த நர்ஸ் பார்த்துக்கொள்வாள். நடந்ததைச் சொல்வதை மட்டும் நான் செய்கிறேன் என்று லிஸ்ட் அக்கா கேட்டுக்கொண்டாள். புது நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, அவள் ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றினாள். ஒன்பது வீட்டில் அவர் இப்போது இல்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஆழ்ந்த வருத்தம் சொல்லிவிட்டு, எதற்குக் கூப்பிட்டேன் என்பதையும் சொன்னாள். இரண்டு பேர் போனைப் பட்டென்று வைத்தார்கள். ஒரு தாத்தா, இவ்வளவுதானா, நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன், எப்ப வரணும் சொல்லு என்றார். இன்னொரு அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, எனக்கு இந்த ஊசி, மாத்திரை, அலைச்சல் எதுவும் வேண்டாம் தாயி, என்னை விட்டுடு என்றார். காரணம் கேட்டதற்கு, வேண்டாம்னா வேண்டாம்தான் என்றார். அதைக் கேட்டபோது மட்டும் அவளுக்கு மூச்சு சற்று சீராக வந்தது.

முப்பத்து நான்கு பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம் ஆகத்தான் செய்தது. புது நர்ஸ் கொட்டாவி விட்டுக்கொண்டே மாத்திரைப் பைகளைக் கொட்டி எழுதினாள். வீட்டுக்கு வண்டி அனுப்பினார்கள். பெரிய எழுத்தில் படிவம் அச்சடித்தார்கள். காதுக்குக் கருவி ஒன்று வாங்கினார்கள். சேர்ந்தவர்களில் மூன்று பேர்தான் பாதியில் நின்றார்கள். ஆறு மாதத்தில், யாருக்கு எந்த மாத்திரை என்று தெரிந்த மேற்பார்வைக் குழுவிடமிருந்து ஒரு விஷயம் வெளியே வந்தது. எழுபத்தைந்து தாண்டிய சிலருக்குப் புது மாத்திரையை முழுசாகப் போட்டால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கண் இருட்டுகிறது. பாதி மாத்திரையே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. மற்ற மருத்துவமனைகளிலும் பார்த்தபோது அங்கேயும் அப்படியே. ஐம்பத்தாறு வயதுக்காரர்களை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது என்று பெரிய டாக்டர் கூட்டத்தில் சொன்னார். லிஸ்ட் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உன் புண்ணியத்தில் இப்போதாவது தெரிந்தது என்று பக்கத்திலிருந்தவள் கிசுகிசுத்தபோது காது மடல் எரிந்தது. தான் வாய் திறக்காமலே இருந்திருந்தால், முழு மாத்திரை போட்டு எத்தனை பேர் குளியலறையில் விழுந்திருப்பார்கள் என்றுதான் அவளுக்கு எண்ணம் ஓடியது.

அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. எழுத்தில் ஒரு கண்டனம் கொடுத்து, முதல் மாடியில் ரத்த அழுத்தம் பார்க்கும் இடத்துக்கு மாற்றினார்கள். கையில் அட்டை இல்லை, பட்டியலும் இல்லை. ஆனாலும் பெயர் என்னவோ லிஸ்ட் அக்காதான். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் யாரோ பின்னங்கழுத்தில் விரலை வைத்த மாதிரி இருக்கும்.

அங்கே இரண்டு மேசை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கமா சார் மகளோடு வருவார். இருவரும் பேசிக்கொண்டே வருவார்கள். பெரும்பாலும் ஏதாவது வாக்குவாதம். எவ்வளவு நீள வரிசை இருந்தாலும் அவர் அடுத்த மேசையில்தான் போய் நிற்பார். அவள் தன் மேசை காலியாக இருந்தாலும் அவரைக் கூப்பிட்டதில்லை.

ஒரு வருடம் போனபின் ஒரு நாள் அடுத்த மேசை நர்ஸ் விடுப்பில் இருந்தாள். வேறு வழியில்லாமல் அவர் அவள் முன்னால் உட்கார்ந்து சட்டைக்கையை மடித்துக் கையை நீட்டினார். பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, நூற்றிருபத்தெட்டு, எழுபத்தாறு என்றாள்.

“இன்னொரு தடவ பாருங்க.”

மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை அவர் எட்டி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, தானே எண்ணைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அவர் போன பிறகு அவள் அந்தக் கருவியின் முகப்பை நோயாளி நாற்காலியின் பக்கம் திருப்பி வைத்தாள். எண் அவளுக்குத் தெரிய வேண்டுமென்றால் இப்போதெல்லாம் அவள்தான் கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.